எல்ஹெச் துடிப்பைப் பிடிப்பதும் படிப்பதும்: செம்மறியை வைத்து ஒரு செயல்முறை

ஒரே ஒரு ரத்த மாதிரியில் எல்ஹெச் (பிட்யூட்டரி சுரப்பி விடும் இனப்பெருக்க ஹார்மோன்) பார்த்துவிட்டு, "இந்த ஆட்டுக்கு எல்ஹெச் குறைவு" என்று எழுதிக்கொண்டு வரும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. பரிசோதனை ஒழுங்காகத்தான் நடந்திருக்கும், எண்ணும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே ஆட்டிடம் பத்து நிமிடம் கழித்து ரத்தம் எடுத்திருந்தால் ஆறு மடங்கு வந்திருக்கலாம்.

என் வேலை கால்நடை மாணவர்களுக்கு இனப்பெருக்க உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பது. மூளை விடும் ஜிஎன்ஆர்ஹெச், அதைக் கேட்டு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி விடும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று மூன்று பெட்டி வரைந்து அம்புக்குறி போடுவதோடு பாடம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அம்புக்குறிக்குள் நேரம் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. மூளை இந்த ஆணையை விட்டுவிட்டுத்தான் அனுப்புகிறது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது என்பதை வைத்தே பிட்யூட்டரி என்ன செய்வது என்று முடிவெடுக்கிறது. இந்தத் துடிப்புகளை ரத்தத்தில் எப்படிப் பிடிப்பது, வரைபடத்தில் எப்படிப் படிப்பது, படித்ததை மருத்துவத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு செம்மறியை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

வழித்தடத்தை முதலில் மனதில் வாங்குங்கள்

மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸிலும் அதன் முன்பகுதியிலும் ஜிஎன்ஆர்ஹெச் நரம்பணுக்கள் சிதறிக் கிடக்கின்றன. மொத்தமே சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் வரைதான். ஓர் உடலின் வம்சவிருத்தி முழுக்க இத்தனை சிறிய கூட்டத்தை நம்பி இருக்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. இவை மூளையில் பிறப்பதும் இல்லை. கருவின் மூக்குப் பகுதியில் தோன்றி, நுகர்ச்சி நரம்புகளைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் இடம்பெயர்கின்றன. 1989இல் சுண்டெலிக் கருக்களில் இதைக் கண்டார்கள். இந்தப் பயணம் பாதியில் நின்றுபோன மனிதர்களுக்கு வாசனையும் தெரிவதில்லை, பூப்பும் எய்துவதில்லை. கால்மன் நோய்க்குறி என்பது அதுதான்.

இந்த நரம்பணுக்களின் நுனிகள் ஹைப்போதலாமஸின் அடியில், பிட்யூட்டரிக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய்கள் தொடங்கும் இடத்தில் வந்து முடிகின்றன. அங்கே ஜிஎன்ஆர்ஹெச் ரத்தத்தில் கலந்து, சில மில்லிமீட்டர் பயணத்தில் பிட்யூட்டரியின் முன்மடலை அடைகிறது. இந்தக் குட்டி ரத்தப்பாதை எவ்வளவு முக்கியம் என்பதை ஜெஃப்ரி ஹாரிஸும் டோரா ஜேக்கப்சனும் 1952இல் காட்டினார்கள். பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளில், வேறு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே வைத்து ஒட்டினால் இனப்பெருக்கம் மீண்டது. மூளையின் வேறு இடத்தின் அடியில் ஒட்டினால் மீளவில்லை.

அந்த ரத்தத்தில் வருவது என்ன என்பது 1971இல்தான் தெளிவானது. ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றிகளின் ஹைப்போதலாமஸிலிருந்தும், ரோஜர் கிய்மானின் குழு செம்மறிகளின் ஹைப்போதலாமஸிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தன. பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறிய பெப்டைடு அது. இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஆண்டுப் பரிசின் மறுபாதி, ரத்தத்தில் மிக நுண்ணிய அளவு ஹார்மோனையும் அளக்கும் ரேடியோ இம்யூனோஅஸே முறைக்காக ரோசலின் யாலோவுக்குப் போனது. பொருத்தமான சேர்க்கை. யாலோவின் முறை இல்லாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்மோன் அளக்கும் வேலையைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஜிஎன்ஆர்ஹெச் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். போர்ட்டல் குழாயைத் தாண்டிப் பொது ரத்த ஓட்டத்தில் கலந்ததும் நீர்த்து, அளக்க முடியாத அளவுக்குப் போய்விடும். ஆகவே கழுத்துச் சிரையில் ரத்தம் எடுத்து ஜிஎன்ஆர்ஹெச் பார்ப்பதில் பயன் இல்லை. அதன் நிழலாக எல்ஹெச்சைத்தான் பார்க்கிறோம். நிழலை நம்பலாமா? 1982இல் இயன் கிளார்க்கும் ஜேம்ஸ் கம்மின்ஸும் விழித்திருக்கும் செம்மறிகளின் போர்ட்டல் ரத்தத்தையும் கழுத்துச் சிரை ரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒவ்வோர் எல்ஹெச் துடிப்புக்கும் காரணமாக ஒரு ஜிஎன்ஆர்ஹெச் துடிப்பு இருந்தது. எல்ஹெச் வரைபடத்தை வைத்து மூளையைப் பற்றிப் பேசும் துணிவை நமக்குத் தந்தது அந்த வேலைதான். செம்மறியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவே.

நோபில் செய்த சோதனையைத் தெரிந்துகொள்ளாமல் ஊசியைத் தொடாதீர்கள்

இந்தத் துறையில் ஒரே ஒரு சோதனையைத்தான் மனப்பாடம் செய்யலாம் என்றால் நான் சொல்வது பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978இல் வெளியிட்டதை. ரீசஸ் குரங்குகளில் ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் பகுதியைச் சிதைத்தார்கள். உள்ளிருந்து வரும் ஜிஎன்ஆர்ஹெச் நின்றது. எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் அடிமட்டத்துக்கு விழுந்தன. பிறகு வெளியிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் கொடுத்தார்கள்.

நிறுத்தாமல் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தபோது ஹார்மோன்கள் மீளவில்லை. அளவை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள், பலன் இல்லை. மணிக்கு ஒருமுறை, நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் வீதம் ஆறு நிமிடம் கொடுத்து நிறுத்தியபோது எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் பழைய நிலைக்கு வந்தன. அந்த நிலையிலேயே விட்டுவிடாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த குரங்கைத் தொடர்சொட்டுக்கு மாற்றினார்கள். நாள் போகப் போக இரண்டும் சரிந்தன. மறுபடி மணிக்கு ஒருமுறை என்று மாற்றியதும் ஏறின. மருந்து ஒன்றுதான், மாறியது கொடுக்கும் விதம் மட்டும்.

அடுத்து அவர்கள் வேகத்தை மாற்றினார்கள். மணிக்கு ஒன்று என்பதை மூன்று மணிக்கு ஒன்று என்று குறைத்தபோது எல்ஹெச் இறங்கியது, எஃப்எஸ்ஹெச் பெரும்பாலும் ஏறியது. மணிக்கு மூன்று, ஐந்து என்று கூட்டியபோதும் ஹார்மோன்கள் சரிந்தன. அதாவது வேகமாகத் தட்டினால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. 1980இல், பூப்பெய்தாத இளம் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு துடிப்பு கொடுத்து மாதச் சுழற்சியையே தொடங்கிவைத்தார்கள். நிறுத்தியதும் அவை பழையபடி பூப்புக்கு முந்தைய நிலைக்குத் திரும்பின. பூப்புக்கு முன்பும் பிட்யூட்டரியும் சூலகமும் ஆயத்தமாகவே இருக்கின்றன, மேலிருந்து துடிப்பு வராததுதான் குறை என்று அதிலிருந்து நாம் படித்துக்கொண்டோம்.

பிட்யூட்டரி செல்லுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலிகளின் பிட்யூட்டரி செல்களில் அரை மணிக்கு ஒன்று என்ற வேகமான துடிப்பு எல்ஹெச்சின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவை அதிகம் தூண்டுகிறது. இரண்டு மணிக்கு ஒன்று என்ற மெதுவான துடிப்பு எஃப்எஸ்ஹெச்சின் பீட்டா சங்கிலிக்குச் சாதகம். ஒரே செல், ஒரே ஏற்பி (ஹார்மோன் வந்து பற்றும் புரதம்), இடைவெளியை வைத்து இரண்டு வெவ்வேறு பதில். தொடர்ந்து ஜிஎன்ஆர்ஹெச் பட்டுக்கொண்டே இருந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது, அதற்கு அடுத்த கட்டச் சமிக்ஞைகளும் மந்தமாகின்றன. பாலூட்டிகளின் ஜிஎன்ஆர்ஹெச் ஏற்பிக்கு, இதே வகை ஏற்பிகள் பலவற்றுக்கு இருக்கும் உட்பக்க வால் கிடையாது. அதனால் அது நொடிகளில் மரத்துப்போவதில்லை, அடங்குவதற்கு நாட்கள் எடுத்துக்கொள்கிறது. பிறகு உள்வைப்பு மருந்துகளைப் பேசும்போது இந்த "நாட்கள்" உங்களுக்குத் தேவைப்படும்.

துடிப்பைத் தொடங்கிவைப்பது யார்?

சிதறிக் கிடக்கும் ஜிஎன்ஆர்ஹெச் நரம்பணுக்கள் எப்படி ஒரே நேரத்தில் சுரக்கின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பதில், ஆர்க்குவேட் பகுதியில் இருக்கும் கேண்டி நரம்பணுக்கள். கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்றையும் ஒரே அணுவில் வைத்திருப்பவை. இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நியூரோகைனின் பி பக்கத்து அணுக்களை உசுப்புகிறது, சில நொடிகளில் கூட்டம் முழுதும் எழுகிறது. டைனார்ஃபின் அதை அடக்குகிறது. இடையில் வெளியேறும் கிஸ்பெப்டின் ஜிஎன்ஆர்ஹெச் நரம்பு நுனிகளுக்கு ஆணையைக் கொண்டுபோகிறது.

இந்தப் படத்தின் துண்டுகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தன. கிஸ்பெப்டின் ஏற்பியில் பழுது இருக்கும் மனிதர்கள் பூப்பெய்துவதில்லை என்பது 2003இல் தெரிந்தது. நியூரோகைனின் பி மரபணுவிலும் அதன் ஏற்பியிலும் பழுது இருந்தால் அதே கதி என்பது 2009இல். மூன்று பெப்டைடுகளும் ஒரே அணுவில் இருப்பதை 2007இல் முதலில் காட்டியது செம்மறிகளில். 2017இல் விழித்திருக்கும் சுண்டெலிகளின் ஆர்க்குவேட் பகுதியில் ஒளியிழை வைத்துப் பார்த்தபோது, அந்தக் கூட்டம் ஒருமிக்கக் கிளர்ந்த ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் ரத்தத்தில் எல்ஹெச் துடிப்பு வந்தது.

டைனார்ஃபினை நினைவில் வையுங்கள். கார்பஸ் லூட்டியத்திலிருந்து (கருமுட்டை வெளியான பின் சூலகத்தில் உருவாகும் தற்காலிகச் சுரப்பி) வரும் புரோஜெஸ்டிரோன் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியை நீட்டுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

ஆட்டைத் தயார் செய்தல்

எந்தக் கட்டத்தில் இருக்கும் ஆட்டில் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு நேரம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. செம்மறியின் சுழற்சி 17 நாள். கார்பஸ் லூட்டியம் நன்றாக வேலை செய்யும் நடு நாட்களில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஓர் எல்ஹெச் துடிப்புதான் வரும். அது கரைந்து பருவத்துக்கு வரும் நேரத்தில் மணிக்கு ஒன்று, சில நேரம் அதைவிட வேகம். நடு நாட்களில் இருக்கும் ஆட்டிடம் நான்கு மணி நேரம் ரத்தம் எடுத்துவிட்டு, "துடிப்பே இல்லை" என்று எழுதுவது ஆட்டுக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்.

இடைவெளிக்கு நான் பத்து நிமிடம்தான் சொல்வேன். மணிக்கு ஒருமுறை துடிக்கும் ஆட்டிடம் மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் சிகரத்திலேயே குத்தலாம், அல்லது ஒவ்வொரு முறையும் பள்ளத்திலேயே குத்தலாம். இரண்டிலும் தட்டையான கோடுதான் வரும். இருபது நிமிட இடைவெளியிலும் துடிப்பு தெரியும், ஆனால் அதன் உயரத்தை நம்ப முடியாது. சுண்டெலியில் துடிப்புகள் இன்னும் நெருக்கம், அங்கே ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை வால் நுனியிலிருந்து சில மைக்ரோலிட்டர் எடுக்கிறார்கள். அந்தச் சொட்டு ரத்தத்தில் அளக்கும் எலைசா என்ற நுண்ணிய பரிசோதனை 2013 முதல் கைக்கு வந்திருக்கிறது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். கழுத்துச் சிரையில் கெதீட்டரை முந்தைய நாளே போட்டுவிடுங்கள். அன்றைக்கே போட்டு அன்றைக்கே எடுத்தால் பிடித்து அழுத்திய மிரட்சியில் துடிப்புகள் அடங்கியிருக்கும். மயக்க மருந்தும் துடிப்பை அடக்கும். ஆட்டைத் தனியாக நிறுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னோர் ஆடு நிற்கட்டும். தனித்து நிற்கும் செம்மறி படும் பதற்றம் கார்டிசோலில் தெரியும், அடுத்து எல்ஹெச்சில் தெரியும். பெட்டைகளில் பார்க்கும்போது புதுக் கிடாவைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள். பருவமற்ற மாதங்களில் இருக்கும் பெட்டைகூட, புதுக் கிடாவின் வாசம் பட்ட சில நிமிடங்களில் துடிப்பு வேகத்தைக் கூட்டிவிடும். அது தனியாக ஆராய வேண்டிய அருமையான விஷயம், ஆனால் உங்கள் அடிமட்ட அளவுகளைக் கெடுத்துவிடும்.

ரத்த அளவுக் கணக்கையும் போட்டுவிடலாம். 50 கிலோ ஆட்டின் உடலில் ஏறக்குறைய 3 லிட்டர் ரத்தம். ஒரு மாதிரிக்கு 2 மில்லி, மணிக்கு ஆறு, எட்டு மணி நேரம் என்றால் 49 மாதிரி, 98 மில்லி. மொத்தத்தில் 3 சதவீதம் சொச்சம். ஆடு தாங்கும். ஆனால் அதே ஆட்டில் அடுத்த சில நாட்களிலும் எடுக்கத் திட்டமிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் கெதீட்டர் குழாயில் தேங்கி நிற்கும் சலைன் கலந்த ரத்தத்தை முதலில் தனி சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டு, பிறகு மாதிரியை எடுத்து, ஹெப்பாரின் கலந்த சலைனால் கழுவி மூட வேண்டும். முதல் உறிஞ்சலைச் சோம்பலில் விட்டால் நீர்த்த மாதிரிதான் கிடைக்கும், வரைபடத்தில் பொய்ப் பள்ளமாகத் தெரியும். இதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் ரத்தம் எடுக்க, இன்னொருவர் கடிகாரத்தையும் நோட்டையும் பார்க்க. மாதிரிக் குழாயில் எண்ணை மட்டும் எழுதுங்கள். உண்மையில் ரத்தம் எடுத்த நேரம் நோட்டில் இருக்கட்டும், "10:40" என்று திட்டப்படி எழுதாமல் "10:42" என்று நடந்தபடி. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கை தானாகத் திட்டப்படி எழுதத் தொடங்கும். அந்த நேரத்துக்கு ஆள் மாற்றிவிடுவது நல்லது.

உடனே சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, உறைநிலையில் வையுங்கள்.

அளக்கும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் ஆட்டின் எல்லா மாதிரிகளும் ஒரே எலைசா தட்டில் வர வேண்டும். தட்டுக்குத் தட்டு சிறு வேறுபாடு இருந்தாலும், மாறிய இடத்தில் பொய்த் துடிப்பு முளைக்கும். தட்டில் 96 குழிகள். ஆறு மணி நேர மாதிரிகள் 37, இரட்டையாக வைத்தால் 74. தெரிந்த அளவுக் கரைசல்கள் எட்டு, இரட்டையாக 16. மீதி ஆறு குழிகளில் மூன்று கட்டுப்பாட்டு மாதிரிகள். கச்சிதமாக நிரம்பிவிடும். எட்டு மணி நேரம் என்றால் மாதிரிகளுக்கு மட்டுமே 98 குழி, இடமில்லை. அப்போது இரண்டு தட்டாகப் பிரித்து, அதே நாலைந்து மாதிரிகளை இரண்டு தட்டிலும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். திட்டம் போடும்போதே இதை யோசியுங்கள்.

எண்களைப் படித்தல்

மென்பொருளில் போடுவதற்கு முன் வரைபடத்தாளில் கையால் வரையச் சொல்வேன். துடிப்பைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் பல இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் துடிப்பு எப்படி இருக்கும் என்று கண் பழகாதவரை நிரல் சொல்லும் பொய்யைப் பிடிக்க முடியாது.

ஓர் ஆட்டிடம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்ததில், மில்லிக்கு நானோகிராம் கணக்கில் இப்படி எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.6, 0.5, 0.5, 3.9, 3.1, 2.5, 2.0, 1.6, 1.2, 1.0. நான்காவது மாதிரியில் செங்குத்தாக ஏறி, அதன் பிறகு சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. ஏற்றம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, இறக்கம் ஒரு மணி நேரமாகியும் முடியவில்லை. செம்மறியில் எல்ஹெச் ஏறக்குறைய அரை மணியில் பாதியாகும். 3.9 இருந்தது மூன்று மாதிரிக்குப் பின் 2.0, இன்னும் மூன்று மாதிரிக்குப் பின் 1.0. கணக்கு ஒத்துப்போகிறது. இது துடிப்பு.

இப்போது இன்னொரு வரிசை: 0.6, 0.5, 1.1, 0.5, 0.6. இருமடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, சதவீதம் மட்டும் பார்க்கும் விதி இதைத் துடிப்பு என்று எண்ணிவிடும். ஆனால் 1.1 இருந்த எல்ஹெச் பத்து நிமிடத்தில் எவ்வளவு இறங்க முடியும்? சுரப்பு முழுதும் நின்றாலும் 0.9 அளவுக்குத்தான். 0.5க்கு இறங்க அதற்கு வழியே இல்லை. ஆகவே 1.1 என்பது குழியில் நடந்த பிசகு. அந்தக் குழாயைத் திரும்ப அளங்கள். நோட்டில் எண்ணைப் பார்த்ததும் "இது இறங்கக்கூடிய வேகமா?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செம்மறியில் வேலை செய்கிறவர்கள் பொதுவாக மூன்று நிபந்தனை வைப்பார்கள். பள்ளத்திலிருந்து இரண்டு மாதிரிக்குள் சிகரம் வர வேண்டும். ஏற்றம் அளவீட்டின் நுண்மை எல்லையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிகரம் முன்னும் பின்னும் உள்ள பள்ளங்களை, அளவீட்டுப் பிழையின் இரண்டு திட்டவிலக்கத்துக்கு மேல் தாண்ட வேண்டும்.

துடிப்புகளைக் குறித்த பிறகு மூன்றைத் தனித்தனியாக எழுதுங்கள்: இடைவெளி, உயரம், சராசரி. இடைவெளி மூளையைப் பற்றிச் சொல்கிறது. அதில் ஐயம் குறைவு. உயரத்தில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: மூளை ஒரு தடவைக்கு எவ்வளவு ஜிஎன்ஆர்ஹெச் விட்டது, பிட்யூட்டரி அதற்கு எவ்வளவு இணங்கியது. வரைபடத்தை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. சராசரியை எழுதுங்கள், ஆனால் அதை வைத்து வாதம் செய்யாதீர்கள். சின்னத் துடிப்புகள் அடிக்கடி வரும் ஆட்டுக்கும் பெரிய துடிப்பு எப்போதாவது வரும் ஆட்டுக்கும் ஒரே சராசரி வரலாம். மேலே நடப்பதோ நேர்மாறு.

இடைவெளி நீண்டு, உயரம் பெரிதாக இருந்தால் புரோஜெஸ்டிரோனின் கை தெரிகிறது. இனப்பெருக்கக் காலத்தில், சூலகம் சுரக்கும் எஸ்ட்ராடியால் தனியாக வேலை செய்யும்போது உயரத்தைத்தான் குறைக்கும், வேகத்தை அல்ல. அதே எஸ்ட்ராடியால் பருவமற்ற மாதங்களில் வேகத்தையே அடக்கிவிடும். பகல் நீளும்போது பெட்டைகள் பருவத்துக்கு வராமல் இருப்பதற்கு இதுவே அடிப்படை. கன்று ஈன்று இன்னும் பருவத்துக்கு வராத பசுவில், பால் சுரப்புக்கு ஈடாகத் தீனி போதாதபோதும், கன்று மடியிலேயே ஊட்டிக்கொண்டிருக்கும்போதும், துடிப்பு வேகம்தான் குறைந்திருக்கும். அது கூடினால்தான் சினைமுட்டைப்பை கடைசிக் கட்ட வளர்ச்சிக்குப் போகும்.

எஃப்எஸ்ஹெச்சில் இதே விளையாட்டைத் தேடாதீர்கள். அது ரத்தத்தில் எல்ஹெச்சைவிட நெடுநேரம் தங்குகிறது, ஒவ்வொரு ஜிஎன்ஆர்ஹெச் துடிப்போடும் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்தும் இல்லை. அதன் மட்டத்தைச் சூலகத்திலிருந்து வரும் இன்ஹிபின் என்ற ஹார்மோன் பெரிதும் தீர்மானிக்கிறது.

கருமுட்டை வெளியாவதற்கு முன் வரும் எல்ஹெச் பேரெழுச்சியையும் துடிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எஸ்ட்ராடியால் உச்சம் தொட்டதும் ஜிஎன்ஆர்ஹெச் இடைவெளி இல்லாமல் பெருகி வரும் தனி நிகழ்வு அது. செம்மறியில் அந்த ஜிஎன்ஆர்ஹெச் பெருக்கம் எல்ஹெச் இறங்கிய பிறகும் நெடுநேரம் நீடிக்கிறது.

ஒரே மருந்தை மூன்று விதமாகக் கொடுத்தல்

இவ்வளவையும் படித்தவருக்கு ஜிஎன்ஆர்ஹெச் மருந்துக்குப்பியைப் பார்த்ததும் எழ வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு என்பதற்கு முன்னால், எந்தத் தாளத்தில் என்பதே.

ஒரே ஊசியாகப் பெரிய அளவு கொடுத்தால் பிட்யூட்டரியில் சேமித்து வைத்திருக்கும் எல்ஹெச் ஒட்டுமொத்தமாக வெளியேறும். பசுவுக்கு 100 மைக்ரோகிராம் கொனடோரெலின் (செயற்கை ஜிஎன்ஆர்ஹெச்) போட்டால் ஓரிரு மணி நேரத்தில் எல்ஹெச் உச்சத்துக்குப் போகும், ஏறத்தாழ 28 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். அதற்குத் தயாரான சினைமுட்டைப்பை அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி வீண். பசுவில் கருமுட்டை வெளியாகும் நேரத்தைக் குறித்து வரவழைக்க 1995இல் வந்த ஓவ்சிங்க் முறை இதை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது: ஜிஎன்ஆர்ஹெச், ஏழு நாள் கழித்து கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின், ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிஎன்ஆர்ஹெச், 16 மணி நேரத்தில் செயற்கைக் கருவூட்டல்.

விட்டுவிட்டுச் சிறு அளவில் கொடுப்பது இரண்டாவது விதம். மூளையிலிருந்து துடிப்பு வராத பெண்களுக்கு 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்ஹெச் செலுத்தும் பம்ப் 1980 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இயல்பான சுழற்சியை அப்படியே திரும்பத் தருகிறது. பருவமற்ற பெட்டைச் செம்மறிகளுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை 250 நானோகிராம் கொடுத்துக் கருமுட்டையை வெளிவரச் செய்திருக்கிறார்கள். பசுவின் ஒற்றை ஊசியில் நானூறில் ஒரு பங்கு அளவு இது.

தொடர்ந்து கொடுப்பது மூன்றாவது, முழு நிறுத்தம். ஜிஎன்ஆர்ஹெச் போலவே வேலை செய்யும் டெஸ்லோரெலின் உள்வைப்பை ஆண் நாயின் தோலுக்கடியில் வைத்தால் முதலில் எல்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் ஏறும். நான் மேலே சொன்ன அந்த நாட்கள் கடந்த பிறகுதான் இறங்கும். விந்தணுக்கள் அதற்கும் பிறகே தீரும். ஆகவே முதல் ஆறு வாரங்களாவது அந்த நாயைப் பருவத்தில் இருக்கும் பெட்டையிடம் விட வேண்டாம் என்று உரிமையாளரிடம் அழுத்திச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். பெட்டை நாய்க்கு வைத்தால் அந்த முதல் ஏற்றமே அதைப் பருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வயதுக்கு முன்பே பூப்பெய்தும் குழந்தைகளுக்கும், புராஸ்டேட் புற்றுநோயிலும் கொடுக்கும் லூப்ரோலைடு இதே வழியில்தான் வேலை செய்கிறது.

எல்லா விலங்கும் ஒரே மாதிரி அடங்குவதில்லை. காளைக்கு டெஸ்லோரெலின் உள்வைப்பு வைத்தால் எல்ஹெச் துடிப்புகள் நிற்கின்றன, ஆனால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் ஏறி நிற்கிறது. நாயில் கண்டதைக் காளையில் எதிர்பார்த்து யாரும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

துடிப்பே வராத ஆடு

பன்னிரண்டு மணி நேரம் எடுத்தும் கோடு தட்டையாக இருந்தால், முதலில் அளவீட்டைச் சரிபாருங்கள். கட்டுப்பாட்டு மாதிரிகள் சரியாக வந்திருக்கின்றனவா, புரோஜெஸ்டிரோன் எவ்வளவு, ஆட்டின் உடல் நிலை எப்படி, எந்த மாதத்தில் எடுத்தது. இவற்றில் விடை கிடைக்கவில்லை என்றால், கேள்வி மேலிருந்து ஆணை வரவில்லையா அல்லது பிட்யூட்டரி கேட்கவில்லையா என்பதாகச் சுருங்குகிறது. அதைச் சிறு அளவு ஜிஎன்ஆர்ஹெச் கொடுத்துத் தீர்க்கலாம். மேலே சொன்ன 250 நானோகிராம் அளவே போதும். 100 மைக்ரோகிராம் கொடுத்து "பிட்யூட்டரி நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதில் பயனில்லை, அவ்வளவு பெரிய அளவுக்குச் சோர்ந்த பிட்யூட்டரியும் ஏதாவது பதில் தரும்.

முதல் ஊசிக்குப் பதில் மிகச் சிறிதாக இருந்தால் அவசரப்பட்டு முடிவு எழுத வேண்டாம். நெடுநாள் துடிப்புப் படாத பிட்யூட்டரியில் ஏற்பிகளும் குறைவு, சேமிப்பும் குறைவு. இரண்டு மணி இடைவெளியில் அதே அளவைத் தொடருங்கள், ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் பத்து, இருபது, முப்பதாவது நிமிடங்களில் ரத்தம் எடுங்கள். ஊசிக்கு ஊசி உயரம் கூடிக்கொண்டே போனால் பிட்யூட்டரி விழித்துக்கொள்கிறது, குறை மேலே, ஹைப்போதலாமஸில். அங்கே தீனி, பகல் நீளம், பாலூட்டல், மன அழுத்தம் என்று வரிசையாகத் தேடலாம். ஒரு முழு நாள் இப்படிக் கொடுத்தும் அடிமட்டம் அசையவே இல்லை என்றால் பிட்யூட்டரியைத்தான் பார்க்க வேண்டும், அந்த ஆட்டுக்கு முன்பு ஏதேனும் ஜிஎன்ஆர்ஹெச் உள்வைப்பு வைத்திருக்கிறார்களா என்று பதிவேட்டையும் புரட்டுங்கள்.